உயர்வும் இழிவும்: இருபடிச் சார்புக் கணக்குகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

1

பாடசாலைக் கணித நூல்களில் இடம்பெறும் வசனக் கணக்குகளை இலக்கியத் திறனாய்வாளர் தமது ஆய்வுப் பொருளாகக் கொள்வது அரிது. எனினும் அவற்றில் மாந்தர் உளர், களம் உண்டு, ஒரு சிக்கலும் அதன் தீர்வும் உண்டு. நமது சமூகத்தில் நாவலோ சிறுகதையோ வாசிக்காது வாழ்நாளைக் கழிப்போர் பலர். வசனக் கணக்கு ஒன்றையேனும் வாசிக்காது பாடசாலையை விட்டு நீங்கியோர், 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வி ஏற்பாட்டுக்குப் பின்னர், மிகச் சிலராகவே இருத்தல் வேண்டும். இத்துணைப் பெருந்தொகையினர் கட்டாயமாக வாசிக்கும் உரைநடை வகையொன்றை ‘அது கணிதந்தானே’ என ஒதுக்கிவிடுதல், இலக்கியத்தைச் சமூக அடித்தளத்தோடு இயைத்து நோக்க வேண்டுமென வற்புறுத்தும் திறனாய்வுக்கு ஏற்புடையதன்று.

கணக்கினைக் கதைப்படுத்தும் மரபு நமக்குப் புதியதுமன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலத்தையும் பொன்னையும் நெல்லையும் அளக்கும் முறையைச் செய்யுளிற் கற்பித்தது. அந்நூலின் அளவைகளினூடாக நிலவுடைமைச் சமுதாயமொன்றின் கழனியும் களஞ்சியமும் கடைத்தெருவும் நமக்குப் புலப்படுகின்றன. வடமொழியில் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில் வண்டும் தாமரையும் மயிலும் பாம்பும் கணக்கின் மாந்தராயின. எந்தக் காலத்துக் கணக்கும் அக்காலத்து மனிதர் எதனை அளக்கத் தக்கதாகக் கருதினர் என்பதற்குச் சான்று பகர்கின்றது.

இக்கட்டுரை, இருபடிச் சார்பொன்றின் உயர்வுப் பெறுமானத்தையோ இழிவுப் பெறுமானத்தையோ காணுமாறு பணிக்கும் கணக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத் தீவகத்தின் வாழ்நிலையோடு அவற்றை ஒப்புநோக்குகின்றது. இதன் வாதம் சுருக்கமானது. உச்சம் எங்கே அமையும் என்பதைக் கணிதம் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லும். எதனுடைய உச்சம், எதனை மாறிலியாகக் கொண்டு, யாரையெல்லாம் எண்ணி என்னும் மூன்றையும் அது சொல்வதில்லை. அவை கணக்கின் முதல் வாக்கியத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. அம்முதல் வாக்கியமே திறனாய்வாளன் வாசிக்கவேண்டிய இடமாகும்.

2

சிற்சில மாற்றங்களுடன் பல மொழிப் பாடநூல்களிலும் காணப்படும் கணக்கு இது: கமக்காரன் ஒருவனிடம் 80 மீற்றர் நீளத்துக்கு வேலி அடைப்பதற்கான பொருள் உண்டு, அதனைக் கொண்டு அவன் அடைக்கக்கூடிய செவ்வக நிலத்தின் மிகக்கூடிய பரப்பளவு யாது?

அகலத்தை ‘அ’ எனக் கொண்டால் நீளம் 40 − அ. பரப்பளவு 40அ − அ². இதனை 400 − (அ − 20)² என மாற்றியெழுதலாம். எந்த எண்ணின் வர்க்கமும் மறைப் பெறுமானம் கொள்ளாது. ஆகவே 400இலிருந்து எப்போதும் ஏதோவொன்று கழிக்கப்படுகின்றது. அகலம் 20 ஆகும்போது மட்டும் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. உயர்வுப் பெறுமானம் 400 சதுர மீற்றர், நிலம் சதுரம். வரைபாக்கினால் கவிழ்ந்த பரவளைவு ஒன்று கிடைக்கும். அதன் திரும்பற் புள்ளியே உச்சம். அ² இன் குணகம் நேராயின் பரவளைவு நிமிரும். உச்சத்துக்குப் பதிலாக இழிவுப் பெறுமானம் பெறப்படும்.

இம்முடிபின் உள்ளடக்கம் மிகப் பழையது. யூக்கிளிட்டின் ஆறாம் நூலில் 27ஆம் மெய்ம்மையாக இது வேறு வடிவிற் காணப்படுகின்றது. பதினேழாம் நூற்றாண்டில் பேர்மா தமது உயர்வு-இழிவு முறையை விளக்க எடுத்துக்கொண்டதும், ஒரு கோட்டை இரண்டாக வெட்டி அத்துண்டுகளின் பெருக்கத்தை உச்சமாக்கும் இதே பிரசினத்தையே. யூக்கிளிட்டிடம் கமக்காரன் இல்லை. பேர்மாவின் கோட்டுக்கும் உரிமையாளன் இல்லை. பாடநூலிற் கமக்காரன் வந்தபோது அவனுடன் உடைமையும் வந்தது. ‘அவனிடம் வேலிக்கான பொருள் உண்டு’ என்ற வாக்கியத்தில் அப்பொருளைச் செய்தவர் யார், வேலியை அடைப்பவர் யார், வேலிக்கு வெளியே நிற்பவர் யார் என்ற வினாக்கள் ஒருங்கே மறைந்துபோகின்றன.

3

இக்கணக்கினை நெடுந்தீவுக்குக் கொண்டுசென்று நோக்குவோம். குடாநாட்டின் கிடுகுவேலியும் பனையோலை வேலியும் காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவை. நெடுந்தீவின் காணிகளைச் சூழ்ந்திருப்பவையோ முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய கல்வேலிகள். வேலிக்கு வேண்டிய கல் அந்நிலத்திலேயே கிடக்கின்றது. மண்படை மெல்லியது. கல்லைப் பொறுக்காது பயிரிட இயலாது. பொறுக்கிய கல்லை எங்கேனும் குவித்தாக வேண்டும். ஆதலின் அங்கு வேலியானது எல்லையாகவும், கால்நடைத் தடுப்பாகவும், நிலத்தைத் திருத்தியதன் எச்சமாகவும் ஒருங்கே அமைகின்றது. பாடநூற் கணக்கில் அரிதான பொருள் வேலி. நெடுந்தீவில் அரிதானது கல்லற்ற மண். பாடநூல் மாறிலியெனக் கொண்டது இங்கு மாறியாகிவிடுகின்றது.

கல் கிடக்கின்றது, அதனை அடுக்கும் உழைப்புக் கிடப்பதில்லை. 80 மீற்றர் என்ற மாறிலிக்குள் மறைந்திருப்பது உண்மையில் ஓர் உழைப்பளவே. இதனை உணர்ந்துகொண்டால் அதே கணக்கு வேறொரு செய்தியையும் கூறத் தொடங்கும்.

யாழ்ப்பாணத்து உடைமை மரபினைத் தேசவழமை என ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தனர். முதுசமாகவும் சீதனமாகவும் காணி தலைமுறைதோறும் பிரிவதற்கு அதில் இடமுண்டு. ஒரு செவ்வகக் காணியை மூன்று சம பங்குகளாகப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேலி இடுவதாகக் கொள்வோம். உழைப்பளவு மாறவில்லை, மொத்த வேலி அதே 80 மீற்றர். இப்போது அகலவாட்டில் வெளியே இரண்டும் உள்ளே இரண்டுமாக நான்கு வேலிகள், நீளவாட்டில் இரண்டு. நீளம் 40 − 2அ. முழுப் பரப்பளவு 40அ − 2அ², அதாவது 200 − 2(அ − 10)². உச்சம் 200. ஏழு பங்காயின் அகலவாட்டில் எட்டு வேலிகள். பரப்பளவு 40அ − 4அ², அதாவது 100 − 4(அ − 5)². உச்சம் 100.

பிரியாத காணி 400. மூன்று பங்கு 200. ஏழு பங்கு 100. அதே கைகள் அதே கல்லை அடுக்கியும் அடைக்கப்பட்ட நிலம் காற்பங்காகக் குறைகின்றது; ஏழு பேரில் ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 14 சதுர மீற்றர். தனியுடைமையின் எல்லைக்கோடு தானே எவ்வளவு உழைப்பை விழுங்குகின்றது என்பதனை இதைவிடத் தெளிவாகக் கட்டுரையொன்றாற் கூற இயலுமா என்பது ஐயமே. கல்வேலி தன் கனத்தினால் நிலத்தையும் விழுங்கும் என்பதை நாம் இன்னும் கணக்கிற் சேர்க்கவில்லை.

மக்கள் இதனை அறியாதவரல்லர். காணி உறுதிகளில் வரும் ‘பிரிபடாத பங்கு’ என்னும் தொடர், உரிமையைப் பகிர்ந்தும் வேலியைப் பகிராதிருக்கும் ஒரு வழியாகும். அதனால் எழும் வழக்குகள் பல என்பது உண்மை. ஆயினும் பொதுவில் ஆளுதலின் பயனைக் கல் அடுக்கியவன் சமன்பாட்டின் துணையின்றியே கண்டிருந்தான் என்பது மனங்கொள்ளத்தக்கது. மறுபுறத்தில், 1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இடப்பெயர்வின் பின்னர் புங்குடுதீவிலும் வேலணையிலும் எல்லை குலையாது, ஆளின்றிக் கிடந்த வளவுகள் பல. பரப்பளவு உச்சத்தில் இருக்க, பயன் பூச்சியமாதல் கூடும். பயன்பெறுமதியும் பரப்பளவும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

4

இனி, வருவாயை உச்சமாக்கும் கணக்கு. வணிகக் கல்வி நூல்களில் இது பயின்று வரும். குறிகட்டுவான் துறையிலிருந்து தீவொன்றுக்கு ஒரேயொரு படகு செல்வதாகக் கற்பனை செய்வோம். கட்டணமில்லையாயின் 100 பேர் செல்வர். கட்டணம் ஒவ்வொரு ரூபாவாக உயர ஒவ்வொருவராகக் குறைவர். கட்டணம் ‘க’ ஆயின் வருவாய் க(100 − க). அதாவது 2500 − (க − 50)². கட்டணம் 50 ரூபா ஆகும்போது வருவாய் உச்சமாகும்.

விடை சரி, ஆசிரியர் சரியெனப் புள்ளியிடுவார். ஆனால் அவ்வுச்சத்தில் படகில் ஏறியவர் 50 பேர். துறையில் நின்றுவிட்டவரும் 50 பேர். இது நாம் எடுத்துக்கொண்ட எண்களால் நேர்ந்த விபத்தன்று. கட்டணத்தோடு பயணிகள் தொகை நேர்கோட்டில் குறையும் எல்லா நிலைமைகளிலும், செலவினைப் புறக்கணித்தால், வருவாயின் உச்சம் இலவசமாயின் செல்லக்கூடியவருட் சரிபாதியினரைக் கரையில் நிறுத்தியே பெறப்படுகின்றது. கணிதம் இதனை மறைக்கவில்லை. அது சமன்பாட்டில் எழுதப்பட்டே இருக்கின்றது. கேட்கப்பட்ட வினா அதனைக் கேட்கவில்லை என்பதே உண்மை. நிற்பவரையும் செல்பவரையும் பிரிப்பது தேவையன்று, கொடுக்கும் வலு. வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய பெண்ணும் பொழுதுபோக்குக்குச் செல்பவனும் அச்சார்பில் ஒரே அலகுகளாகவே எண்ணப்படுகின்றனர்.

இவ்வகைச் சிந்தனையை முதன்முதல் முறைப்படுத்தியோருள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ. 1838இல் வெளிவந்த தமது நூலில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நோய் தீர்க்கும் ஊற்றொன்றின் உரிமையாளனைப் பற்றியது. வேறெங்கும் கிடையாத நீர் அவனிடம் உண்டு. அதனை எவ்விலைக்கு விற்றால் அவனது வருவாய் உச்சமாகும் என்பதே வினா. தாகமுடையவர் அங்கு வளைகோடாக மட்டுமே தோற்றந் தருகின்றனர். தனியொருவனுக்கு ஊற்று எவ்வாறு உரித்தாயிற்று என்பது கணக்குக்குப் புறம்பானது. முதலாளித்துவம் வளர்ந்துகொண்டிருந்த ஐரோப்பாவில் இவ்வினா இயல்பானதாகத் தோன்றியமை வியப்பன்று. அது எல்லாச் சமுதாயங்களுக்கும் இயல்பானதெனக் கற்பிக்கப்படும்போதே கருத்துநிலையாகின்றது.

5

நீர் பற்றிய கணக்கு நம்மை இழிவுப் பெறுமானத்துக்கு இட்டுச்செல்கின்றது. சுண்ணாம்புக்கல்லால் ஆன தீவுகளில் மழைநீர் நிலத்துள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோலத் தங்கியிருக்கும். கூடுதலாக இறைத்தால் உவர் மேலெழும். ஆதலின் நன்னீர்க் கிணறு அங்கு பெறற்கரிய பொருள்.

ஓர் ஒழுங்கையில் மூன்று குடும்பங்கள், ஒழுங்கையின் தொடக்கத்திலிருந்து 0, 100, 200 மீற்றரில் வாழ்கின்றன எனக் கொள்வோம். கிணறு எங்கு அமைய வேண்டும்? தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டி அத்தொகையை மிகக் குறைப்பதே அளவுகோலாயின், கிணற்றின் இடத்தை ‘இ’ எனக் கொண்டு 3இ² − 600இ + 50000 என்னும் சார்பைப் பெறுவோம். அது 3(இ − 100)² + 20000. கிணறு 100இல் அமையும். தூரங்களின் சராசரியே இழிவுப் புள்ளி. ஆனால் அதே ஒழுங்கையின் கோடியில் 900 மீற்றரில் நான்காவது குடும்பம் ஒன்று உண்டு. அதனையும் சேர்த்தால் சார்பு 4(இ − 300)² + 500000 ஆகும். கிணறு 300இல் அமையும்.

இரண்டு விடைகளும் பிழையற்றவை. வேறுபாடு கணிதத்தில் இல்லை. எண்ணப்பட்டவர் யார் என்பதிலேயே உள்ளது. இன்னுமொன்று. வர்க்கத்தை விட்டு வெறும் தூரங்களைக் கூட்டினால், கிணறு 100க்கும் 200க்கும் இடையில் எங்கும் அமையலாம். நான்காவது குடும்பம் 900இல் இருந்தாலென்ன, 9000இல் இருந்தாலென்ன, விடை மாறாது. வர்க்கித்துக் கூட்டும்போதே கோடியிலிருப்பவரின் தொலைவு கணக்கை இழுக்கும் வலுப் பெறுகின்றது. எந்த அளவுகோலைத் தெரிவது என்பதும் ஒரு சமூகத் தீர்மானமே.

இவ்விடத்துத் தீவகத்தின் அண்மைக்கால வரலாறு குறுக்கிடுகின்றது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் 1971இல் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நன்னீர் அள்ளும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தில் முன்நின்ற எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935–1973) பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார். முற்போக்கு இலக்கிய அணியினரையும் மார்க்சியத் திறனாய்வையும் கடுமையாக விமர்சித்தவர் அவர். அவருடைய ஆன்மிகவாதத்தோடு நாம் உடன்படல் வேண்டுமென்பதில்லை. ஆயின் நீருரிமைக்கான போராட்டத்தில் அவர் நின்ற இடத்தை அக்காரணம் பற்றிக் கூறாது விடுதல் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். மார்க்சிய அணியைச் சேர்ந்த கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ எனப் பெயரிட்டமையும் இங்கு நினைக்கத்தக்கது. எதிரெதிர் நிலைகளில் நின்ற இருவரும் ஒரே கிணற்றடியில் வந்து சேர்ந்தனர்.

புங்குடுதீவில் எழுந்தது மீற்றரால் அளக்கும் தூரம் பற்றிய பிரசினமன்று. கிணறு அருகிலிருந்தும் அள்ள முடியாதிருந்தது. ஆகவே நான்காவது குடும்பத்தைச் சேர்த்துக் கணக்கைத் திருத்திவிட்டோம் என நாம் அமைதி கொள்ளுதலும் தகாது. சாதி இடும் தொலைவு, ஒழுங்கையின் நீளத்தைக் கொண்டு எழுதப்படும் எந்தச் சார்பிலும் இடம்பெறுவதில்லை. அதனைக் குறைப்பது சமன்பாட்டின் வேலையன்று, போராட்டத்தின் வேலை.

6

இவ்வாய்வில் வரும் கலைச்சொற்கள் பற்றியும் சில கூறுதல் வேண்டும். தமிழகத்தார் ‘பெருமம்’, ‘சிறுமம்’ என்கின்றனர். அவை அளவைக் குறிக்கும் சொற்கள். இலங்கையில் நாம் ‘உயர்வு’, ‘இழிவு’ என்கிறோம். நமது மாணவன் ‘இழிவுப் பெறுமானம்’ என எழுதும்போது, வகுப்பறைக்கு வெளியே அச்சொல் யாரைச் சுட்டி வழங்கப்பட்டது என்பதனை அறிந்தே எழுதுகின்றான்.

இது கலைச்சொல் ஆக்கியோரின் குற்றமன்று. இழிதல் என்பதன் பழம்பொருள் இறங்குதலே. மலையிலிருந்து அருவி இழியும். வளைகோடு இறங்கி நிற்கும் இடத்துக்கு அது பொருத்தமான சொல். இறங்குதல் தாழ்மையாகவும், தாழ்மை பிறப்பாகவும் மாறியது சமுதாயத்தின் செயல். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் கேட்போனின் தகுதிநிலைக்கேற்ப இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் எனத் தொல்காப்பியம் வகுத்தமைத்தது. இரத்தலின் இலக்கணத்திலேயே படிநிலை புகுந்துவிட்ட மொழியில், கணிதச் சொல் மட்டும் தூயதாக நிற்றல் அரிது. சொல்லை மாற்றுவதால் மட்டும் நிலைமை மாறாது. ஆயின் இழிவு என்பது இடத்தின் பெயர், மனிதரின் பெயரன்று என ஆசிரியர் ஒருமுறை கூறுதல் வீணாகாது.

‘வர்க்கம்’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஓரெண்ணைத் தன்னாற் பெருக்கி வருவதும் வர்க்கம். உற்பத்திச் சாதனங்களோடு கொண்ட உறவால் வகுபடும் மனிதத் தொகுதியும் வர்க்கம். இரண்டும் ஒரு சொல்லாயமைந்தது தற்செயலே. அதனை வைத்துச் சொற்சிலம்பம் ஆடுதல் ஆய்வாகாது. எனினும் இருபடிச் சார்பில் வர்க்கம் இல்லையேல் திரும்பற் புள்ளி இல்லை. நேர்கோடு மட்டுமே எஞ்சும். வரலாற்றைப் பற்றியும் ஏறத்தாழ அதுவே நம் நிலைப்பாடு.

7

மேற்கூறியவற்றிலிருந்து கணிதமே ஆளும் வர்க்கத்தின் கருவி என முடிவுகட்டுதல் கொச்சை மார்க்சியமாகும். மார்க்ஸ் அவ்வாறு கருதவில்லை. 1873 மே மாதம் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில், விலைகளின் ஏற்ற இறக்கங்களை வளைகோடுகளாகக் கொண்டு நெருக்கடிகளின் முக்கிய விதிகளைக் கணித முறையால் நிர்ணயிக்கலாம் எனத் தாம் எண்ணியதையும், அது இப்போதைக்கு இயலாதென நண்பர் சாமுவேல் மூர் கருதியதையும் அவர் குறிப்பிட்டார். 1881இல் வகையீடு பற்றிய இரண்டு கட்டுரைகளை ஏங்கெல்சிடம் அளித்தார். அவருடைய கணிதக் கையெழுத்துப் பிரதிகள் 1968இல் மொஸ்கோவில் விரிவாக வெளியிடப்பட்டன. வளைகோட்டின் உயர்வும் இழிவும் அவருக்கு வெறும் பயிற்சியன்று. முதலாளித்துவத்தின் இயக்கத்தை அறியும் வழியாக இருக்கக்கூடியது.

உச்சமாக்கலைச் சோசலிசமும் தவிர்த்துவிட முடியாது. 1939இல் சோவியத் ஒன்றியத்தின் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைப் பிரசினமொன்றிலிருந்து கன்ரரோவிச் நேர்கோட்டுத் திட்டமிடல் முறையை உருவாக்கினார். 1975இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது இருபடிக் கணக்கன்று. எனினும் வினா ஒன்றே. எதனை உச்சமாக்குவது என்பதனைத் தொழிலாளர் தீர்மானிக்கின்றனரா, அவர் பெயரால் வேறெவரும் தீர்மானிக்கின்றனரா என்பது அங்கும் எழுந்த வினாவே. திட்டமிடல் எனப் பெயரிட்டதனால் மட்டும் முதல் வாக்கியம் மக்களுடையதாகிவிடாது.

ஆகவே நாம் வேண்டுவது கணக்கைக் கைவிடுவதன்று. அதனை முழுமையாகச் செய்வது. 400 என்ற விடையைக் கண்ட மாணவனிடம் மேலும் மூன்று கேள்விகள் கேட்கப்படலாம். உச்சமாக்கப்பட்டது யாருக்குப் பயன்படும் பொருள்? மாறிலியெனக் கொண்டதை மாற்ற வல்லவர் யார்? எண்ணப்படாது விடப்பட்டவர் எவர்? இவற்றுக்கு விடைகாண நிறைவர்க்கமாக்கும் முறையை அவன் முன்னரிலும் நன்றாக அறிந்திருக்க வேண்டும்; பங்குகளைக் கூட்டியும் குடும்பங்களைச் சேர்த்தும் அவன் சார்பினைத் தானே மீண்டும் எழுத வேண்டியிருக்கும். தீவகத்துப் பாடசாலையொன்றின் கரும்பலகையில், கல்வேலியையும் படகையும் கிணற்றையும் கொண்டு, அப்பிள்ளைகளே கணக்கின் முதல் வாக்கியத்தை எழுதுவராயின், கணிதத்தின் கண்டிப்புச் சிறிதும் குறையாது. யார் கேட்கும் வினாவுக்கு அக்கண்டிப்புத் தொண்டுசெய்யும் என்பது மட்டுமே மாறும்.